மோப்பம் சாரின் மனைவி எழுதிய இரண்டு கதைகள்

சட்டையில் துணியைப் பார்க்கிறவன் உண்டு, தையலைப் பார்க்கிறவன் உண்டு. போனால் போகிறதென்று பட்டனைக்கூடப் பார்ப்பான். அந்தப் பட்டன் நுழைகிற ஓட்டையை எவன் பார்க்கிறான்? அந்த ஓட்டைக்குக் காஜா என்று பெயர். அதை எடுப்பதுதான் இவள் வேலை. தையல் கடையில் டெய்லரக்கா வெட்டித் தைத்துப் போட, இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா எடுப்பாள், பட்டன் தைப்பாள், ஓரம் அடிப்பாள். வருகிறவர்கள் "காஜாம்மா" என்று கூப்பிடப் போய் அதுவே பெயராக நின்றுவிட்டது. வீட்டில் அந்தப் பெயரும் கிடையாது. "இந்தா" என்று சத்தம் வந்தால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

"இந்தா" என்று கூப்பிடுகிற மகராசன் ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். வருகிற கதைகளைப் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்கிற வேலை. வெகுகாலம் அவரை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. டீ வந்தால் கடைசி கிளாஸ் அவருக்கு. அப்படி இருந்த மனுஷனுக்குச் செயற்கை நுண்ணறிவு வந்து வாழ்வு கொடுத்தது. நாலு வரி சேர்ந்தாற்போல எழுத வராதவனெல்லாம் போனைத் தட்டி நாளைக்கு நாலு கதை அனுப்ப ஆரம்பித்தான். எது மனுஷன் எழுதியது, எது மெஷின் எழுதியது என்று தெரியாமல் ஆசிரியர் தலையைப் பிய்த்துக்கொண்டார். கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வந்த மென்பொருள்கள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லின. அந்த நேரத்தில்தான் இவர் ஒரு கதைத் தாளை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி இழுத்துவிட்டு, "மெஷின்" என்றார். எழுதியவனைப் போனில் பிடித்து அதட்டினால், ஆமாம் சார், மன்னிச்சிடுங்க என்று ஒப்புக்கொண்டுவிட்டான்.

குருட்டாம்போக்கில் பலித்த சங்கதி. ஆனால் பலித்துவிட்டதே! அன்றிலிருந்து அவர் மோப்பம் சார். அவருக்கென்று தனி அறை, டீயும் முதல் கிளாஸ். புதுப் பெருமைக்குத் தோதாக அவரே ஒரு சட்டமும் வகுத்துக்கொண்டார். "மெஷினுக்கு எல்லாம் தெரியும்யா. அழ மட்டும் தெரியாது. கண்ணீர் வரவேண்டிய இடத்துல வரலையா? சந்தேகமே வேண்டாம், தூக்கிப் போடு." இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு எத்தனை நல்ல மனுஷர்களின் கதையைத் தீயில் தள்ளினாரோ, யார் கண்டது? தள்ளப்பட்டவன் வந்து நான் மனுஷன்தான் என்று எப்படி நிரூபிப்பான்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய தம்பி சாப்பிட வருவார். அப்போது அந்த வாரம் தள்ளுபடியான கதைகளில் ஒன்றை எடுத்துவந்து, சாப்பாட்டுக்கு நடுவே வாசித்து வாசித்துக் கிழிப்பார் மோப்பம் சார். அதற்குப் பிரேதப் பரிசோதனை என்று பெயர். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பார். காஜாம்மா பரிமாறிக்கொண்டே கேட்பாள். எந்த வரியில் அவர் உதடு பிதுங்கும், எந்த வரியில் தலை ஆடும் என்பதெல்லாம் வருஷக்கணக்கில் நின்று நின்று அவளுக்கு அத்துப்படி.

இவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் அடிக்கிறது என்று போன் வந்து, சீருடையோடு அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். படுக்கையில் கிடத்தும்போதுதான் சட்டைக் கழுத்தில் பட்டன் இல்லாததைக் கவனித்தாள் அம்மாக்காரி. "எங்கடி தொலைச்ச? வாங்கிக் குடுக்கறதெல்லாம் தொலைக்கறதுக்குத்தானா?" என்று நெருப்பாய்க் கொதிக்கிற பிள்ளையைத் திட்டினாள். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இவள் பக்கம் திரும்பவே இல்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "என் முன்னாடி அழாத. என்னால தாங்க முடியாது" என்பதுதான். குழந்தையின் படத்தைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அவருக்கும் நெஞ்சு வெந்துதான் கிடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் நெஞ்சு வேகாமல் இருக்க அடுத்தவள் வாயை அடைத்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவள் அழவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். தங்கை வீட்டுக்குப் போகவில்லை. அந்தச் சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு, தொலைந்த பட்டனுக்கு ஜோடி தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினாள். நாலு ஓட்டை, ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. ஒரு கடைக்காரன் சலித்துப்போய், "கிட்டத்தட்ட இதே மாதிரிதானேம்மா இருக்கு? குழந்தை சட்டைதானே, யாரு பாக்கப் போறா?" என்றான். "அவ கண்டுபிடிச்சிடுவா" என்றாள் இவள். கடைசியில் எங்கோ ஒரு சந்துக் கடையில் கிடைத்தது. பேரம் பேசித்தான் வாங்கினாள். பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்ததும் பசித்தது. நல்ல பசி. எதிரே இருந்த கடைக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டாள்.

இதை ஒரு ஈ காக்கையிடம்கூட அவள் சொன்னதில்லை. பிள்ளை செத்த மறுநாள் பேரம் பேசி, வயிறு முட்டச் சாப்பிட்ட தாய் என்று காறித் துப்பமாட்டார்களா? பிறகு தையல் கடையில் காஜா வேலை கிடைத்தது. வருஷங்கள் ஓடின. துப்பினாலும் சரி, இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் அதைச் சொல்லியாக வேண்டும் என்று அவளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வேறு யார், அந்தப் பிள்ளைக்கு அப்பன்தான். எதிரில் நின்று சொன்னால் வாயைத் திறப்பதற்குள் "ஆரம்பிச்சிட்டியா?" என்று எழுந்து போய்விடுவார். ஆனால் கதை என்று வந்தால் அவர் படித்துத்தானே ஆக வேண்டும்? அது அவர் உத்தியோகம் ஆயிற்றே!

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் போனில் தட்டித் தட்டி எழுதினாள். பெண்ணை ஆணாக்கினாள், தன்னை யாரோ ஒருத்தி ஆக்கினாள். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. அழாத இடத்தில் அழவில்லை, பசித்த இடத்தில் பசித்தது. முடித்ததும் டெய்லரக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். அக்கா வாய் ஓயாத பெண்பிள்ளை. துணி கொண்டுவருகிறவன் ஜாதகத்தையே வாய்வழியாக வாங்கிவிடுகிற ஆள். அன்றைக்கு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்தச் சட்டைய என்னடி பண்ணின?" என்றார் கடைசியில்.

"இருக்குக்கா. பீரோல என் புடவைக்கு அடியில."

"அனுப்புடி இதை. என் பேரைப் போட்டு அனுப்பு. உன் புருஷனுக்கு என் பேரு தெரியவா போகுது?"

உண்மைதான். இத்தனை வருஷம் மனைவிக்குச் சம்பளம் கொடுக்கிறவள் பெயர் என்ன என்று அவர் கேட்டதே இல்லை. பத்திரிகையில் அந்த வருஷத்துச் சிறுகதைப் போட்டி அறிவித்திருந்தார்கள். அக்காவின் பெயரில், அக்காவின் போனிலிருந்து கதை போனது. பரிசு யாருக்கு வேண்டும்? அவர் படித்துவிட்டு, இதை எழுதியவளுக்கு நெஞ்சு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், "அது நான்தாங்க, அந்தப் பிள்ளை நம்ம பாப்பாங்க" என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தைக் காஜா எடுக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தம்பி வந்தார். காஜாம்மா சாப்பாடு எடுத்து வைத்தாள். மோப்பம் சார் பையிலிருந்து தாள்களை உருவினார்.

"இன்னைக்கு மாட்டின பிரேதம் இருக்கே, அடடா! இந்த மாதிரி சிக்கினதே இல்லடா. கேளு."

முதல் வரியிலேயே அது தன் கதை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைய அடக்கம் பண்ணிட்டு மறுநாள் அம்மாக்காரி பட்டன் வாங்கக் கிளம்பறாளாம்! பட்டன்! பேரம் வேற பேசறா. அட, அதையாவது விடு. வாங்கித் தெச்சு முடிச்சதும் பசிக்குதாம்டா! கடையில போயி ஒரு கட்டு கட்டறாளாம்!"

தம்பிக்குச் சிரிப்பில் புரையேறியது. "அண்ணி, தண்ணி" என்று கையை நீட்டினார். அவள் தண்ணீர் கொடுத்தாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லடா கதை முழுக்க. மெஷின்கிட்ட போயி, புள்ள செத்த கதை எழுது, பட்டன் ஒண்ணு வரணும்னு எவளோ சொல்லியிருக்கா. அது பாவம், அதுக்குச் சாவுன்னா என்ன தெரியும்? எழுதிக் குடுத்துடுச்சு. பெத்தவ எழுதினது இல்ல இது. பெத்தவளா இருந்தா..."

"நான்தாங்க எழுதினேன்" என்றாள்.

நெஞ்சு இருக்கிறது என்ற வார்த்தைக்காக வைத்திருந்த வாக்கியம் அது. வேறு வழியில்லாமல் இந்த இடத்தில் வெளியே வந்துவிட்டது. தம்பியின் சிரிப்பு நின்றது. மோப்பம் சார் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீயா?"

"அந்தப் புள்ள நம்ம பாப்பாங்க. மறுநாள் நான் தங்கச்சி வீட்டுக்குப் போகல. பட்டன் தேடித்தான் போனேன்."

அந்த மனுஷன் அப்போதாவது தாளைக் கீழே வைத்திருக்கலாம். எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டிருக்கலாம். ஆனால் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மூக்கு பொய்த்துப்போகும். தனி அறை போகும், முதல் கிளாஸ் டீ போகும். மூக்கா, பெண்டாட்டியா என்று வந்தபோது அவர் கண்ணிமைக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை.

"பொய்" என்றார். "நீ அன்னிக்கு தங்கச்சி வீட்ல படுத்திருந்த. மெஷின்கிட்ட பாப்பாவைப் பத்திச் சொல்லியிருக்க. அது பட்டன், பசின்னு என்னத்தையோ ஜோடிச்சுக் குடுத்திருக்கு. நீயும் அது நடந்ததுன்னே நம்பிட்ட. ஏன்டி, என் புள்ளையோட சாவை அந்தச் சனியனுக்குத் தீனியாவா போட்ட?"

"நடந்ததுங்க. சட்டை பீரோலதான் இருக்கு. எடுத்துக் காட்டவா?"

"பட்டன் தெச்ச சட்டை எந்த வீட்லதான் இல்ல? உக்காரு. போனை அங்க வை. என் கண்ணு முன்னாடி இப்ப எழுது. பாப்பா போனதை எழுது. பெத்தவ எழுதினா எனக்குத் தெரிஞ்சிடும்."

"அண்ணா, விடுங்களேன்" என்று தம்பி இழுத்தார். "நீ சும்மா இருடா" என்று அதட்டு விழுந்தது.

எச்சில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். கையில் அவருடைய பேனா, எதிரே அவருடைய முகம். அவளுக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம். உனக்கு வேண்டியது இதுதானே, இந்தா வாங்கிக்கொள் என்று எழுதினாள். வானம் இடிந்து என் தலையில் விழுந்தது. என் கண்ணே, என் கண்ணீரால் உன்னைக் குளிப்பாட்டினேன். என் வயிறு சுடுகாடாயிற்று. எங்கே எதைப் போட்டால் அந்தத் தலை ஆடும் என்பதுதான் தெரியுமே! நிறுத்தாமல், அடிக்காமல், திருத்தாமல், கேட்டதைக் கேட்டபடி கொட்டிக் கொடுத்தாள். எந்த மெஷினாலும் அதற்குமேல் முடியாது.

படிக்கப் படிக்க அவர் முகம் கோணியது. பாதியில் மூக்கை உறிஞ்சினார். முடிக்கும்போது ஓவென்று கதறிவிட்டார். பிள்ளை போன அன்று அழாத மனுஷன், அவள் மடியில் தலையைக் கவிழ்த்து, "இவ்வளவையும் உள்ள வெச்சுக்கிட்டு எப்படிடி இருந்த?" என்று தேம்பினார். அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனாலும் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவர் உதவி ஆசிரியராகிவிட்டார். "அந்தப் பட்டனையும் வெச்சுக்கலாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா அழுதுகிட்டே வாங்கணும். கடைக்காரனும் அழட்டும். பசியை எடுத்துடு, அசிங்கம்." அவள் அழுதுகொண்டே வாங்கினாள், கடைக்காரனை அழவிட்டாள், பசியை அடித்தாள். "இன்னொண்ணு. அந்த மெஷின் கதை எங்கயும் இருக்கக் கூடாது. நாளைக்கு எவனாவது எடுத்துக் காட்டினா என் மானம் போயிடும். நீயே அழிச்சிடு. அழிச்சிட்டா பாப்பா படத்தைப் பெட்டியிலேர்ந்து எடுத்து மாட்டிடலாம்."

படம்! இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த முகம். எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்? அவர் பார்க்கப் பார்க்கத் தன் போனிலிருந்து அழித்தாள். மறுநாள் கடைக்குப் போய் அக்காவின் போனை வாங்கி, அனுப்பியதையும் அழித்தாள். "ஏன்டி, பைத்தியமா உனக்கு?" என்று அக்கா கத்தியபோது, "படம் மாட்டறாருக்கா" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் கூடத்தில் படம் ஏறியது. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

அலுவலகத்துக்கு வந்திருந்ததை அவரே அழித்து, அச்செடுத்த தாளையும் கிழித்துவிட்டார். புதுக் கதையைப் போட்டிக்கு வெளியே, சிறப்புப் பிரசுரமாக, அவள் புகைப்படத்தோடு போட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் ஆசிரியர் சும்மா இருக்காமல் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்க்க, இது மெஷின் எழுதியதுதான் என்று அது அடித்துச் சொன்னது. மோப்பம் சாருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. என் மனைவியின் கண்ணீரை மெஷின் என்கிறது மெஷின், பார்த்தீர்களா அதன் லட்சணத்தை என்று தனிக் கட்டுரையே எழுதினார். அது கதையைவிடப் பெரிய பேச்சாகிப்போனது.

வாசகர் கூட்டம், நூலகம், கல்லூரி என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். மெஷினும் மனுஷனும் என்று இவர் முழங்குவார். அப்புறம் "இந்தா" என்று கை காட்டுவார். அவள் எழுந்து வாசிப்பாள். வானம் இடியும், கடைக்காரன் அழுவான், கூட்டம் மூக்கைச் சிந்தும். வாசித்து வாசித்து மனப்பாடமே ஆகிவிட்டது. இறங்கி வரும்போது அவர் பக்கத்தில் இருப்பவரிடம், "நான் உக்கார வெச்சு எழுத வெச்சேன் சார். இல்லன்னா உள்ளயே வெச்சுப் புழுங்கிச் செத்திருப்பா" என்பார். அவள் தலையாட்டுவாள்.

ஊர் சுற்றல் ஓய்ந்து ஒருநாள் கடைக்கு வந்தாள். டெய்லரக்கா அவளுக்காகக் குவித்துவைத்திருந்த சட்டைகளைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பத்திரிகையில வந்ததைப் படிச்சேன்டி. நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என்னமோ அது ஒட்டல. அன்னிக்கு நீ வாசிச்சியே, அதுதான் மனசுல கிடக்கு. எழுத்துதான போச்சு, வாய் இருக்கில்ல? இப்ப சொல்லு, கேப்போம்."

காஜாம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதை ஒருத்தர் கேட்கிறார்! ஊசியைத் துணியில் குத்திவைத்தாள்.

"மறுநாள் சட்டைய எடுத்துக்கிட்டுப் போனேங்க்கா. கடை கடையா போனேன். என் கண்ணீர் தெருவெல்லாம் ஆறா ஓடிச்சு..." நிறுத்தினாள். "இல்லக்கா, இது பத்திரிகையில வந்தது. இருங்க."

"பதறாம சொல்லு."

"கடைக்காரன்கிட்ட சட்டையக் காட்டினேன். அவன் என் கையப் புடிச்சுக்கிட்டு, தாயே, உன் துயரம்..." மறுபடியும் நிறுத்தினாள். அந்தக் கடைக்காரனின் முகத்தைத் தேடினாள். வந்து நின்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவன் அழலடி," என்றார் அக்கா. "யாரு பாக்கப் போறாங்கற மாதிரி ஏதோ சலிச்சுக்கிட்டான். அதுக்கு நீ ஒரு பதில் சொன்ன. ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டுட்டுதான் அன்னிக்கு எனக்கு வாயே வரல. என்ன சொன்ன?"

காஜாம்மா யோசித்தாள். அக்காவின் முகத்தையே பார்த்தாள், அங்கே எங்காவது எழுதியிருக்கும் என்பதுபோல.

"எனக்கும் வார்த்தை வார்த்தையா ஞாபகம் இல்லடி," என்றார் அக்கா. "விடு, வரும்போது சொல்லு."

"வராதுக்கா," என்றாள் அவள். "பாப்பாவைக் காய்ச்சல் கொண்டுபோச்சு. இதை நானே தூக்கிக் குடுத்துட்டேன்."